நீலவரையின் பெண்கள்

11 ஜூன் 2007, திங்கள்

காலர் நிறம் சரியில்லை என்று வெளிநாட்டு பையர் திருப்பியனுப்பிய சட்டைச் சாம்பிளை எங்கள் கம்பெனி டைலர் விஜயராணி அக்கா மறுபடி தைத்தார். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என் கற்பனை நாடான நீலவரையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலையில் பாதி நேரம் காத்திருப்பதுதான். அந்த நேரமெல்லாம் என் பேரரசுக்கு.

நீலவரைக்கு வயல் கிடையாது, எல்லைக்கல் கிடையாது. கப்பல்களும் துறைமுகங்களும்தான் நாடு. வீட்டுக்கும் படகுக்கும் அவர்கள் மொழியில் ஒரே சொல். பிறந்த குழந்தையின் உதட்டில் பாலுக்கு முன்னால் உப்புநீரைத் தொட்டு வைப்பார்கள். "நீ யார்?" என்று கேட்டால் நீலவரைக்காரன் ஊரையோ சாதியையோ சொல்லமாட்டான், தன் கப்பலின் பெயரைச் சொல்வான்.

எழுதி முடித்ததும் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து இவரிடம் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டு, "இதெல்லாம் ஆரு புள்ள படிப்பாங்க?" என்றார். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

14 ஜூன், வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் விஜயராணி அக்கா, "என்னமோ எழுதிக்கிட்டே இருக்கியளே மேடம், வாசிங்க கேப்போம்" என்றார். அவர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆனாலும் நான்தான் மேடம்.

வாசித்தேன். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார். கடைசியில் ஒரே கேள்வி:

"கப்பல்ல போறவன் கப்பல் பேரச் சொல்லுவான், சரி. கரையில நிக்கிற பொம்பளையக் கேட்டா அவ என்ன சொல்லுவா?"

ஆறு மாதமாகக் கொடி, பாட்டு, திருவிழா, சட்டம் எல்லாம் எழுதியிருக்கிறேன். ஒரு பெண்கூட அதில் வாயைத் திறக்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லையே, ஏன்?

15 ஜூன்

முதல் நாற்பது பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

27 ஜூன், புதன்

மதியம் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரும் ரிப்பேர். மெஷின்கள் நின்றதும் யாரும் கேட்காமலே விஜயராணி அக்கா பேச ஆரம்பித்தார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஏழு வருடம் ஆனால்தான் இறந்ததாகச் சான்றிதழ் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்களாம். பொட்டு வைப்பதா வேண்டாமா என்று இன்றுவரை அவருக்குத் தெரியவில்லை.

"அன்னைக்குச் சண்டை, மேடம். கஞ்சிப் பானைய எத்தி விட்டுட்டு எறங்கிப் போனாவ. நானும் வாசல்ல நின்னு, போ, திரும்பி வராதேன்னு கத்துனேன். அவிய திரும்பிக்கூடப் பாக்கல. இத நான் யாருட்டயும் சொன்னதில்ல. ரோஸ்மேரிக்குக்கூடத் தெரியாது."

ரோஸ்மேரி அவருடைய நாத்தனார். எங்கள் செக்கிங் பிரிவில்தான் வேலை. இருவரும் ஒரே வாடகை அறையில் இருக்கிறார்கள்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கரண்ட் வந்ததும் கையை உருவிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தார்.

1 ஜூலை, ஞாயிறு

எழுதிவிட்டேன். நீலவரையில் கப்பல் புறப்படும்போது பெண்கள் எல்லோரும் துறையில் கூடி நின்று, "போ, திரும்பி வராதே" என்று உரக்கச் சொல்வார்கள். அதுதான் அந்த நாட்டின் விடைகொடுக்கும் சடங்கு. கரைக்கே வேண்டாதவன் என்று நினைத்துக் கடல் அவனைத் தொடாமல் விட்டுவிடும் என்பது நம்பிக்கை. அதைச் சொல்பவள்தான் நீலவரைப் பெண். "நீ யார்?" என்று அவளைக் கேட்டால், "நான் அதைச் சொன்னவள்" என்பாள்.

எத்திவிட்ட பானை வந்திருக்கிறது. அவர் சொன்ன படகும் வந்திருக்கிறது, ஓட்டையில் மஞ்சள் தகரம் அடித்த படகு. மாற்றிவிடலாமா? மாற்றினால் கதையின் உயிர் போய்விடும் போலிருக்கிறது.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அச்சில் வந்ததும் காட்டலாம். அவர் மனப்பாரம் கொஞ்சம் குறையும்.

3 செப்டம்பர், திங்கள்

நான் அனுப்பிய நீலவரைப் பகுதி கோவை இதழ் ஒன்றில் வந்துவிட்டது. ஏழு பக்கம். என் பெயர் கொட்டை எழுத்தில். இவர்கூடப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே புள்ள" என்றார்.

10 செப்டம்பர்

ஒரு பிரதியைச் சாம்பிள் மேஜையில் விட்டு வைத்திருந்தேன். மறந்து வைத்தேன் என்று எழுத நினைத்தேன். பொய். யாராவது பார்க்கட்டும் என்றுதான் வைத்தேன்.

டீ நேரத்தில் ரோஸ்மேரி எடுத்துப் படித்திருக்கிறாள். இதழைக் கையில் பிடித்தபடியே வந்தாள். சத்தம் போடவில்லை.

"மஞ்சத் தகரம் அடிச்ச படகு எங்க ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான். எங்கண்ணனோடது. மதினி, இது நீங்க சொல்லி எழுதுனதா?"

விஜயராணி அக்கா மெஷினை நிறுத்தினார். ரோஸ்மேரியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

பிறகு, "ஆமா" என்றார்.

"திரும்பி வராதேன்னு எங்கண்ணனப் பாத்துச் சொன்னியளா?"

"ஆமா."

ஐயோ, நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? எல்லாம் என் கற்பனை, அவிங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லலியே. நின்னுட்டு இருந்தேன். கையில டேப்பப் பிடிச்சுட்டு மரம் மாதிரி நின்னுட்டு இருந்தேன்.

11 செப்டம்பர்

விஜயராணி அக்கா வேலைக்கு வரவில்லை.

13 செப்டம்பர், வியாழன்

அவர்கள் அறைக்குப் போனேன். கதவை ரோஸ்மேரி திறந்தாள். உள்ளே ஒரு பாய்தான் இருந்தது.

"மதினி போயிட்டாவ மேடம். நான் போகச் சொல்லல." கொஞ்சம் நிறுத்தி, "இருங்கன்னும் சொல்லல" என்றாள்.

எங்கே என்று கேட்டேன். தெரியாது என்று தலையாட்டினாள். உட்காரச் சொல்லவில்லை.

1 அக்டோபர்

இதழ் ஆசிரியரிடமிருந்து கடிதம். அந்தச் சடங்கைப் பாராட்டிப் பதினோரு பேர் எழுதியிருக்கிறார்களாம். "ஒரு தேசத்தின் ஆன்மாவையே படைத்துவிட்டீர்கள்" என்கிறார் ஒருவர். அடுத்த பகுதியை எப்போது அனுப்புவேன் என்று ஆசிரியர் கேட்கிறார்.

படைத்தேனா?

17 நவம்பர், சனி

தீபாவளிக்கு ஊர் போன டைலர்கள் திரும்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அக்கா அனுப்பர்பாளையத்தில் ஒரு சின்ன யூனிட்டில் இருக்கிறாராம். பஸ் ஏறிப் போனேன்.

என்னைக் கண்டதும் வெளியே வந்தார். இளைத்திருந்தார். "மன்னிச்சுக்கோங்கக்கா" என்றேன்.

"எனக்கு அது சாபம், மேடம். ஆறு வருசமா அதோட படுத்து எந்திரிக்கேன். நீங்க அத எடுத்து ஒரு நாட்டுக்கே குடுத்திட்டிய. பொறவு நானும் வாங்கி வாசிச்சேன். அந்தப் பொம்பளைய எல்லாம் சேந்து நின்னு சொல்லுத எடத்துல, ஒரு நிமிசம் நல்லாத்தான் இருந்துச்சு. நான் மட்டும் சொல்லலன்னு."

அழவில்லை. புடவையில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்றார்.

உள்ளே சூப்பர்வைசர் கூப்பிட்டார். போய்விட்டார். பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். எந்த பஸ்ஸில் ஏறினேன் என்று நினைவில்லை.

19 நவம்பர்

ஆசிரியருக்கு எழுதிப் போட்டேன்: நீலவரை இனி இல்லை. அந்தச் சடங்கு என்னுடையதும் இல்லை.

3 டிசம்பர், திங்கள்

சாம்பிள் மெஷினுக்குப் புது ஆள் வந்திருக்கிறார். பெயர் பாண்டியம்மாள். சோமனூரில் தறி ஓட்டிக்கொண்டிருந்தாராம். மதியம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டார். தானாகவே, "எங்க ஊட்டுல போன வருசம் ஒண்ணு நடந்துச்சுங்க" என்று ஆரம்பித்தார்.

நோட்டை மூடி, எழுந்துபோய், அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். அப்புறம் உட்கார்ந்து கேட்டேன்.

அவர் சொன்னது இங்கே இல்லை.