நரிக்குட்டிப் படம் ஜப்பான் படந்தான், தம்பி

என் ஆசைத் தம்பி சொக்கலிங்கத்துக்கு,

நீ கண்ணை மூடி மூணு வருஷம் கழித்து உனக்கு ஒரு நல்ல சேதி. ஜெயித்துவிட்டோம். உன் கட்டுரை இந்த வருஷப் படிப்பக மலரில் வருகிறது, ஒரு வரி வெட்டாமல்.

பினாங்குக் கடையிலிருந்து லீவில் வந்தபோது நீ எழுதியது அது. ஜப்பான்காரர்கள் கையால் வரைந்து ஓடவிட்ட சித்திரப் படத்தை அங்கே பார்த்தேன், பனியில் ஒரு நரிக்குட்டி தாயைத் தேடி நடக்கிற கதை என்று எழுதியிருந்தாய். அதை மலருக்கென்று கொடுத்தாய். படிப்பகச் செயலாளர் நம்ம பங்காளி வயிரவன். அவன் ஒரு வாரப் பத்திரிகை, ஒரு சிறுவர் மாத இதழ், ஒரு பொது அறிவுப் புத்தகம், மூணையும் மேசையில் போட்டான். மூணிலும் ஒரே சங்கதி: சித்திரப் படம் எடுக்கத் தெரிந்தவன் அமெரிக்காக்காரன் மட்டும்தான்.

"கப்பலேறிப் போனவுக எதையும் சொல்லலாம், யாரு போயிப் பார்க்கப் போறா" என்று அத்தனை பேர் முன்னால் சிரித்தான். நீ தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாய். பொய்யன் என்ற பேரோடேயே போய்ச் சேர்ந்தாய். நான் மறப்பேனா? உன் கல்யாணத்தில் இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தோம் என்று இலையில் கை வைக்காமல் எழுந்தவன் அவன். அதையே அவன் இன்னும் மறக்கவில்லை.

நான் படித்தது அஞ்சாங்கிளாஸ். ஆனால் கல்யாணத்துக்குப் பெண் விசாரிக்கத் தெரியும். ஒண்ணுக்கொண்ணு உறவில்லாத மூணு வீட்டில் கேட்க வேண்டும். மூணு வீட்டிலும் அட்சரம் பிசகாமல் ஒன்றையே சொன்னால் அது ஒரே வாயிலிருந்து வந்தது.

அந்த மூணையும் படிப்பகத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். மூணிலும் 'நிமிடத்துக்கு இருபத்து நான்கு படங்கள்' என்று இருந்தது. நீ விநாடிக்கு என்று எழுதியிருந்தாய், எனக்கு மனப்பாடம். சினிமாக் கொட்டகை ஆப்பரேட்டரைக் கேட்டேன்.

"விநாடிக்குத்தான் ஆச்சி. நிமிஷத்துக்குன்னா, பொம்மை கையைத் தூக்கி இறக்குறதுக்குள்ள நீங்க வீட்டுக்குப் போயி உலை வச்சிட்டு வந்திரலாம்."

மூணிலும் ஒரே தப்பு. அப்படியானால் ஒருவர் எழுதியதை மற்ற இருவர் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மூணு சாட்சி இல்லை தம்பி, ஒரே சாட்சி.

பிறகு நம் பக்கத்துக்கு ஆள் தேடினேன். உன் பேச்சைச் சேர்க்கவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் சொல்வதை யார் எடுத்துக்கொள்வார்கள்? பினாங்கிலிருந்து அந்தப் படத்தின் நோட்டீஸை எழுதிக் கேட்டு வாங்கினேன். டோக்கியோவில் எடுத்தது என்று போட்டிருந்தது. உன் எதிர்க்கடைப் பாய், பிள்ளைகளோடு படம் பார்த்ததை எழுதினார். இங்கே காரைக்குடி ஆராய்ச்சிக்கூடத்தில் ஒருவர் ஜப்பானில் படித்துவிட்டு வந்தவர். அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கண்ணாடி போன்ற தாளில் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுவதைக் கண்ணால் பார்த்தாராம். இவர்களுக்குள் முன்பின் பழக்கம் இல்லை. நோட்டீஸில் படம் ஒன்றரை மணி நேரம், பாய்க்கு இரண்டு மணி நேரம். அந்த வித்தியாசம்தான் எனக்கு நிம்மதி.

படிப்பக மாதக் கூட்டத்தில் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன்.

"அச்சுல வந்தது பொய்யா ஆச்சி?" என்றான் வயிரவன்.

"அச்சடிக்கிறவுகளும் மனுசருதானப்பா. இந்த மூணுல எது எதைப் பார்த்து எழுதினது, நீ சொல்லு."

மூணும் அச்சான தேதிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சொக்கலிங்கம் சொன்னது சரிதான்" என்று முனகினான். உட்கார்ந்தபடி சொன்னான். எழுந்து நின்று சொல்லச் சொன்னேன். சொன்னான்.

உன்னிடமும் ஒன்று கேட்க வேண்டும். நரிக்குட்டி வெள்ளை என்று எழுதியிருக்கிறாயே, நோட்டீஸ் படத்திலும் பாய் கடிதத்திலும் அது செம்பழுப்பு. பனிக்குள்ளே அப்படித் தெரிந்ததா? உன் வரியைத் தொடவில்லை. கீழே திருத்தம் போடச் சொல்லிவிட்டேன். வயிரவனுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியுமா? இந்தக் கடிதமும் அதே மலரில் வருகிறது. பிழை திருத்துவது அவன்தான்.

காரைக்குடிக்கு என்றைக்காவது ஒரு ஜப்பான் சித்திரப் படம் வந்தால், முதல் ஆட்டத்துக்கே வயிரவனைக் கூட்டிக்கொண்டு போவேன். எந்த நாட்டில் எடுத்தது என்று திரையில் எழுத்து வரும்போது படத்தைப் பார்க்க மாட்டேன், அவன் முகத்தைப் பார்ப்பேன். இது சத்தியம்.

உன் சொல்லை ஒருநாளும் சந்தேகப்படாத,
உன் கூடப்பிறந்த ஆச்சி