பெடல் நிற்கிறது என்றாய்

இன்று காலை புது பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ செத்து ஒரு மாதம் ஆகிறது. சாவுக்கு நான் வரவில்லை. ஊரில் இருந்துகொண்டேதான் வரவில்லை. அது ஏன் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் நாம் இருவரும் கூட்டாக ஒர்க்‌ஷாப் வைத்திருந்தோம். பிரேக் வேலை என்றால் நம்மைத் தேடித்தான் வருவார்கள். பிரேக் பைப்பில் புகுந்த காற்றை எடுக்கும்போது நான் காருக்கு அடியில் படுத்து, சக்கரத்துப் பக்கம் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து மூடுவேன், நீ மேலே உட்கார்ந்து பெடலை மிதிப்பாய். "புடி", "உடு", அவ்வளவுதான் பேச்சு. கீழே கிடப்பவனுக்குப் பெடல் தெரியாது. மேலே இருப்பவன் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதுதான்.

அந்தத் தை மாதம் பட்டு முதலாளியின் கார் வந்தது. காலை அழுத்தி வைத்தால் பெடல் மெல்ல மெல்ல இறங்குகிறது என்றார் டிரைவர் ஏழுமலை. நாலு சக்கரத்திலும் கசிவு இல்லை. தொட்டியில் ஆயிலும் குறையவில்லை. ஒன்று, பைப்பில் காற்று புகுந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஆயிலைத் தள்ளுகிற பம்புக்குள் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்க வேண்டும். காற்றை எடுத்துவிட்டு அழுத்திப் பிடித்தால் தெரிந்துவிடும். அப்போதும் இறங்கினால் பம்புதான்.

காற்றை எடுத்து முடித்ததும், "கால எடுக்காம நூறு எண்ணுடா" என்றேன். உனக்கு மச்சானின் நிச்சயதார்த்தத்துக்குக் களம்பூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். நூறு எண்ணுகிற நேரம் ஆகவில்லையே என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. "கல்லு மாதிரி நிக்குதுடா. ஜல்தி வெளிய வா, பஸ்ஸு பூடும்" என்றாய். நம்பினேன். ஏழுமலையிடம் "தைரியமா ஓட்டிகினு போங்க" என்று சொன்னதும் நான்தான்.

ஆற்றுப் பாலத்து முனையில் பெடல் ஒரேயடியாக உள்ளே போய்விட்டது. எதிரே நெல்மூட்டை வண்டி. ஏழுமலைக்கு வலது முட்டி நொறுங்கியது. அதன்பிறகு அவர் ஸ்டியரிங் பிடிக்கவே இல்லை.

மறுநாள் முதலாளி வந்து நின்றபோது, நீ என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாய்: "நிப்பிள டைட் பண்ணது அவன்தாங்க. நான் மேல குந்திகினு இருந்தேன்." அன்றே பம்பைக் கழற்றினேன். நிப்பிள் நாலும் கசிவே இல்லாமல் காய்ந்து கிடந்தன, தொட்டியில் ஆயில் அப்படியே இருந்தது. உள்ளே வாஷரின் விளிம்புதான் தேய்ந்து போயிருந்தது. அப்படியானால் பெடல் உன் காலுக்கடியிலேயே இறங்கியிருக்கிறது. வாஷரை உன் கையில் வைத்தேன். புரட்டிப் பார்த்தாய். "உடுடா, ஆனது ஆயிப்போச்சி" என்றாய்.

அவசரத்தில் பொய் சொன்னதைக்கூட மன்னித்திருப்பேன். வாஷரைக் கையில் வைத்துக்கொண்டே அப்படிச் சொன்னாயே, அதுதான் இன்னும் ஆறவில்லை. முதலாளிக்கு வாஷரைப் பற்றி என்ன தெரியும்? ஏழுமலையின் காலை உடைத்தவன் என்ற பெயர் எனக்கு நிலைத்தது.

இப்போது வீட்டு வாசலில் வேலை செய்கிறேன். பெடல் மிதிப்பது என் பெண்டாட்டி. நூறையும் சத்தமாக எண்ணிவிட்டு "நிக்குதுங்க" என்பாள். அப்படியும் நான் அடியிலிருந்து எழுந்து வந்து, அவளை இறங்கச் சொல்லி, நானே ஒருமுறை மிதித்துப் பார்ப்பேன். இத்தனை வருஷமும் பேசாமல் இறங்கியவள், போன வாரம் கேட்டுவிட்டாள்: "ஏங்க, என் காலக்கூடவா நம்ப மாட்டீங்க?"

அப்போதும் ஏறி உட்கார்ந்து மிதித்தேன். பெடல் நின்றது. அவள் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.