கைமாறும் தொப்பி

மச்சான்,

இந்த வாரம் முழுக்க மொன்றியலில் ஒரே புழுக்கம். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மேல்மாடி வீடு கோடையில் எப்படி அவியும் என்று உனக்குத் தெரியும். இரண்டு பக்க ஜன்னலையும் திறந்து வைத்தும் இலை அசையக் காற்றில்லை. இன்று காலை தேநீர் ஊற்றிக்கொண்டு நிற்கும்போது அந்த மணம் வந்தது. வைக்கோலும் குதிரை வியர்வையும் பழைய எண்ணெயும் கலந்த மணம். அடுப்பைப் பார்த்தேன், குப்பை வாளியைப் பார்த்தேன், பிறகுதான் தலையை நிமிர்த்தி அலுமாரிக்கு மேலே பார்த்தேன். சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்த உன் வைக்கோல் தொப்பி, ஈரக்காற்றைக் குடித்துவிட்டு மணக்கத் தொடங்கியிருந்தது.

உன் தொப்பி என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். உனக்கு முன்னால் அது பலருடைய தலையில் இருந்தது. இன்று மத்தியான பஸ்ஸில் அதை எடுத்துக்கொண்டு உன் ஊருக்குப் போக வேண்டும். நாளை அங்கே ரோடியோ. இந்த வருடம் அதை யார் தலையில் வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிவிட்டார்கள். வைக்க எனக்கு விருப்பமில்லை. அதை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்லி அழுவது என்று தெரியாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ பட்டணத்தை விட்டுப் போய் அந்தச் சின்ன ஊரில் கடை வாங்கியபோது, நாங்கள் எல்லோரும் உனக்கு விசர் என்றுதான் சொன்னோம். ஒரு தேவாலயம், ஒரு மருந்துக்கடை, தானியம் கொட்டி வைக்கும் இரண்டு உயரமான கோபுரங்கள், பிறகு பார்த்த இடமெல்லாம் சோளம். அதற்கு நடுவில் டெப்பனர் என்று இங்கே சொல்லும் மூலைக்கடை. அதில் பாலும் பியரும் லாட்டரிச் சீட்டும் விற்கும் ஒரு யாழ்ப்பாணத்தான். ஆறு மாதத்தில் திரும்பி வருவாய் என்று பந்தயம் கட்டினேன். நீயோ அடுத்த கோடையில் என்னைக் கூப்பிட்டாய், ரோடியோவுக்கு உறைப்புக் கறி அடைத்த எங்கள் ரோல்ஸ் பொரிக்க ஆள் வேண்டுமாம்.

ரோடியோ என்றால் என்னவென்று அதுவரை எனக்குத் தெரியாது. வேலி அடைத்த மைதானத்தில் பீப்பாய்களைச் சுற்றிக் குதிரைகளை வெட்டி வெட்டி ஓட்டினார்கள். இளந்தாரிகள் காளையின் முதுகில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு, விழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு எழும்பினார்கள். அதைவிட ஊர்க்காரர்களைப் பார்ப்பதுதான் வேடிக்கையாக இருந்தது. மருந்துக்கடைக்காரர் பியர் ஊற்றினார். தீயணைப்புப் படைக்காரர்கள் நெருப்பு மூட்டி இறைச்சி வாட்டினார்கள். பாதிரியார் மஞ்சள் அங்கி மாட்டிக்கொண்டு கார் நிறுத்த இடம் காட்டினார். ஒருவருக்கும் கூலி கிடையாது. சேருவதெல்லாம் அந்த வருடம் ஊரில் கடும் நோயில் கஷ்டப்படும் ஒருவருக்குப் போகும். உன் பங்கு ஐஸும், மைதான ஓரத்தில் நீ போட்ட கொட்டிலில் பொரிக்கும் ரோல்ஸும். எரியுது எரியுது என்று கண்ணீர் விட்டுக்கொண்டே இன்னொன்று வாங்க வரிசையில் நிற்பார்கள்.

காளைகளை விடுவதற்கு முன்னால் ஒரு வழக்கம் இருந்தது. இரட்டைக் குதிரை பூட்டிய வண்டி ஒன்று வரும். அந்த வருட உதவி யாருக்கோ அவர் அதில் ஏறுவார். இந்த ஏற்பாட்டையெல்லாம் தலையில் போட்டு நடத்தும் ஜினெட் அம்மா, அவர் தலையில் இந்த வைக்கோல் தொப்பியை வைப்பார். வண்டி மைதானத்தை ஒருமுறை சுற்றும். சனம் கைதட்டாது. எழும்பி நிற்கும், அவ்வளவுதான். தொப்பியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்து, அடுத்த வருடம் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்.

நான் பார்த்த முதல் வருடம் ஏறியவர் பருமனான ஒரு கிழட்டு விவசாயி. அடுத்த வருடம் தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தது அவருடைய மனைவி. அந்த வருடம் அது பள்ளிக்கூட பஸ் ஓட்டும் பெண்ணின் தலைக்குப் போனது. அதற்கடுத்த வருடம் அவளுடைய புருஷன் கொண்டுவந்தான். கொட்டிலுக்குப் பின்னால் உன்னை இழுத்துக்கொண்டு போய், இந்தத் தொப்பியில் ஏதோ இருக்கிறது என்று சொன்னேன். நீ சிரித்தாய்.

“விசர்க்கதை கதையாதை. கடும் வருத்தக்காரரைத்தான் அதில ஏத்துகினம். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான் உது.”

ஒருவராவது தன் கையால் திருப்பிக் கொண்டுவந்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். எண்ணெய் கொதித்துவிட்டது, போய்ப் பார் என்றாய்.

உன் முறை வந்த கோடையில் நீங்கள் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தானாகத்தான் விளங்கியது. கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு திரிகிறவன் நான். டாக்டர் கடுகடுத்தால் பயமில்லை என்று அங்கே படித்திருக்கிறேன். அவர் குரலைத் தாழ்த்தி, கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தால்தான் வீட்டுக்காரர் பயப்பட வேண்டும். அன்று அந்த ஊரே உனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. தீயணைப்புப் படைத் தலைவர் ஐஸ் மூட்டைகளைத் தானே சுமந்து வந்தார். மருந்துக்கடைக்காரர் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து உன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். மிளகாய்க்குப் பயந்து எங்கள் கொட்டில் பக்கமே வராத பாதிரியார் ஒரு முழு ரோலைத் தின்று, நல்ல ருசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். நீயோ, பொரிக்கும்போது ஒருநாளும் உட்காராதவன், கவிழ்த்து வைத்த பால் பெட்டியில் உட்கார்ந்திருந்தாய். உன் சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்துக்கு இடமிருந்தது.

மாலதியைப் பார்த்தேன். உன் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் ரோல்ஸை அடுக்கிக்கொண்டிருந்தாள். மேற்கில் மழை கறுத்துக்கொண்டு வந்தது. கொட்டிலுக்குப் பின்னால் அடைத்திருந்த காளைகளில் ஒன்று இரும்புக் கதவை விடாமல் முட்டிக்கொண்டிருந்தது. இதெல்லாம் எல்லா வருடமும் நடப்பதுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பிறகு ஒலிபெருக்கியில் உன் பெயரைத் தங்கள் நாக்குக்கு ஏற்றபடி நீட்டிச் சொன்னார்கள். ரோல்ஸுக்கு நன்றி சொல்கிறார்களாக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஜினெட் அம்மா கையில் தொப்பியோடு கொட்டிலைப் பார்த்து நடந்து வந்தார்.

உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். “ஏறாதை மச்சான். தாற உதவியை வாங்கு. வண்டியில மட்டும் ஏறாதை.”

நீ ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தாய். “எனக்கு வருத்தம் வந்தது மாசியிலயடா. தொப்பி இப்பத்தான் வருது,” என்றாய். “தொப்பி ஆளைத் தேடிப் போறேல்லை. வெயில் படுற ஆளுக்குத்தான் தொப்பி.”

அவர் வைத்ததும் அது உன் மூக்குவரை இறங்கிவிட்டது. முன்னால் நின்ற இரண்டு பேர் மெதுவாகச் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். ரோல்ஸின் எண்ணெய் வடிய விரித்திருந்த தமிழ்ப் பத்திரிகையில் ஒரு தாளைக் கிழித்து, மடித்து, மாலதி தொப்பியின் உள்பட்டியில் செருகினாள். அப்போதுதான் நின்றது. வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னையும் ஏறச் சொன்னாய். எண்ணெய்க் கையோடு ஏறினேன்.

அந்த ஒரு சுற்று என்றைக்கும் எனக்கு மறக்காது. குதிரைக் குளம்புச் சத்தமும் காளை கதவில் முட்டும் சத்தமும் தவிர வேறொன்றும் இல்லை. நாங்கள் வர வர ஒவ்வொரு வரிசையாகச் சனம் எழும்பியது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நடைபாதையில் நான் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வரும்போது சுவரோரம் ஒதுங்கி நிற்பவர்களின் பார்வை அது. என்னால் தலை நிமிர முடியவில்லை. நீ என் முழங்காலில் தட்டினாய்.

“எல்லாரும் எழும்பி நிக்கினம், பார். இவ்வளவு காலமும் நாங்கள்தானேடா எல்லா இடத்திலயும் வரிசையில நிண்டனாங்கள்.”

நீ அழுதுகொண்டிருந்தாய். அது சந்தோஷ அழுகை. நான் ஒரு செத்தவீட்டு ஊர்வலத்தில் வந்தேன். நீ வேறு எங்கோ வந்துகொண்டிருந்தாய்.

அந்த மாரி முழுக்க ஊர் உன்னைத் தூக்கி வைத்திருந்தது. பனி கொட்டக் கொட்ட ஆள் மாறி ஆள் உன்னை மொன்றியலுக்குக் காரில் ஏற்றி வந்தார்கள். உன் கடையை ஒருநாளும் பூட்ட விடவில்லை. பாதிரியார் லாட்டரிச் சீட்டு விற்ற நாட்களும் உண்டாம். நாங்கள் பார்க் எக்ஸ்டென்ஷனில் சங்கம் வைத்து, தலைவர் யார் என்று அடிபட்டு, அதை இரண்டாக உடைத்தவர்கள். உன் ஊர் மனுஷரைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் ஆசையாகவும் இருந்தது. ஆனாலும் சொல்கிறேன், அவர்கள் கூடக் கூட என் பயமும் கூடியது. இவ்வளவு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறதே என்று நினைப்பேன்.

ஆஸ்பத்திரியில் உன்னைத் தள்ளும் முறை எனக்கு வந்தால் மற்றவர்களிடம் விடமாட்டேன். மயிர் கொட்டிய தலையில் அந்தத் தொப்பியோடு சக்கர நாற்காலியில் இருப்பாய். ஒருநாள் லிஃப்டில் சொன்னாய்.

“வாற வருசம் இதை நான்தான் என்ர கையால கொண்டுபோய்க் குடுப்பன். உன்ர வாயை அடைக்கிறதுக்காகவே இருப்பன், பார்.”

கடவுளே, இவனிடம் நான் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சின்ன வயதிலிருந்து உன்னோடு எத்தனை வாக்குவாதம், ஒன்றிலும் விட்டுக்கொடுத்ததில்லை. அந்த ஒன்றிலாவது தோற்றிருக்கலாம். தெருவோரப் பனி கரைந்து ஓடத் தொடங்கிய நேரம் நீ போய்விட்டாய்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து நான் புறப்படும்போது மாலதி தொப்பியை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தாள். “அண்ணை, இதை வீட்டில வைச்சுப் பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது. நீங்கள் கொண்டுபோங்கோ,” என்றாள். பையை வாங்கிக்கொண்டேன். பிறகு ஒருநாள் அதைத் தொலைத்துவிடத் துணிந்தேன். அக்காடி மெட்ரோவில் சனம் உட்காரும் வாங்கில் வைத்துவிட்டு வேகமாகப் படியேறினேன். ஒரு மாணவப் பிள்ளை மூச்சிரைக்க ஓடி வந்து, மிஸ்யூ, உங்கள் தொப்பி என்று கையில் தந்தது. மெர்சி என்று நன்றி சொன்னேன், வேறென்ன சொல்ல. வீட்டுக்கு வந்து அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

போன கிழமை ஜினெட் அம்மா எனக்குப் போன் எடுத்தார். எனக்கு விளங்க வேண்டும் என்று பிரெஞ்சை மெதுவாகப் பேசினார். ரோல்ஸுக்கு மாலதி கறி வைக்கிறாளாம், பொரிக்க நான் வர வேண்டுமாம், தொப்பியை மறக்க வேண்டாமாம். இந்த முறை யாருக்கு என்று கேட்டேன்.

“எனக்கு,” என்றார்.

ஊருக்கு இன்னும் சொல்லவில்லை, சொன்னால் எல்லோரும் அன்பாகிவிடுவார்கள், வேலை ஒன்றும் நடக்காது என்று சிரித்தார். இத்தனை வருடமும் எல்லார் தலையிலும் நானே வைத்தேன், என் தலையில் நானே எப்படி வைப்பது, நீ வைத்துவிடுகிறாயா என்று கேட்டார். ஓம், வைக்கிறேன் என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

இன்று காலை, அந்த மணம் வந்த பிறகு, கத்தரிக்கோலை எடுத்தேன். துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டால் எல்லாம் இதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அப்போது, வெயில் படுற ஆளுக்குத்தான் தொப்பி என்ற உன் கதைதான் ஞாபகம் வந்தது. அந்த மனுஷிக்கு வருத்தம் ஏற்கெனவே வந்துவிட்டது. நான் வெட்டினால் அவர் வெறுந்தலையோடு வெயிலில் சுற்றி வருவார், அவ்வளவுதான் வித்தியாசம். கத்தரிக்கோலை வைத்துவிட்டேன். நாளை அவர் தலையில் நானே வைப்பேன், பக்கத்தில் ஏறியும் உட்காருவேன். பயம் போய்விட்டது என்று நினைக்காதே.

மிச்சத்தைப் பஸ் நிலைய வாசலில் இருந்து எழுதுகிறேன். ஒரு கைக்கு ரோல்ஸ் சட்டி, மறு கைக்கு உடுப்புப் பை, இப்போது இரண்டும் காலடியில். உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது, நிழல் ஒன்றும் இல்லை. மாலதி செருகிய பத்திரிகைத் தாளை எடுத்து என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன், ஜினெட் அம்மாவின் தலை பெரியது, அவருக்கு அது தேவைப்படாது. பிறகு தொப்பியை என் தலையில் போட்டேன்.

உன்ர தலை தேங்காய்ச் சிரட்டையடா, ஒரு தொப்பியும் நிக்காது என்று பகிடி பண்ணுவாயே. மூக்குவரை இறங்கும் என்றுதான் நினைத்தேன். இறங்கவில்லை, மச்சான். எனக்கு அளவாக இருக்கிறது.

ஈரத்தில் சுருங்கியிருக்கும் விசரா என்று நீ சொல்லுவாய். இருக்கலாம். பஸ் வந்துவிட்டது. வெயில் படுகிறது, கழற்றாமலே ஏறுகிறேன்.