பல்லாரோவில் சிக்கிய அமெரிக்கக் கார்

என் செல்ல அப்பா,

நீங்கள் இருக்கும் இடத்தில் வாகன நெரிசல் இல்லை என்று நம்புகிறேன். போன சனிக்கிழமை பலெர்மோவில் இருந்தது. அந்த நெரிசலே நாங்கள்தான்.

அக்காவுக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. ஓம், அந்தக் காரில்தான்! லிபெர்த்தா வீதியில் நீங்கள் வேலை செய்த வீட்டில், வருடக்கணக்காகத் துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்தீர்களே, அதே கறுப்புக் கார். "என்ரை மூத்தவள் அதிலைதான் கோயிலுக்குப் போவாள், நான்தான் கதவைத் திறந்து இறக்குவன்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, நீங்கள் பாட்டுக்குக் கண்ணை மூடிவிட்டீர்கள். அக்கா ஒரே பிடிவாதம். "அந்தக் கார் இல்லாட்டி கலியாணமும் இல்லை."

நான்தான் உங்கள் எசமானி, அந்த இத்தாலியச் சிஞ்ஞோராவிடம் போய்க் கேட்டேன். "என் கணவர் அமெரிக்காவில், டெட்ரொயிட்டில் இந்தக் கார்களுக்குக் கதவு பொருத்தியவர். அவருடைய கதையைக் கொட்டாவி விடாமல் கேட்ட ஒரே மனிதர் உன் அப்பா. கொண்டு போ" என்றார்.

நீங்கள் கேட்டதோடு விட்டீர்களா? எங்களுக்குச் சோற்றோடு குழைத்தல்லவா ஊட்டினீர்கள்! பணக்காரருக்கும் அரசருக்கும் கார் செய்த தொழிற்சாலை, யுத்தம் வந்ததும் விமான எஞ்சின் செய்தது. பிறகு பெரிய கம்பனிகளோடு போட்டி போட முடியாமல் இன்னொன்றோடு சேர்ந்தது. கடைசியில் பெயரே இல்லாமல் போனது. நம் ஊர் மன்னாரின் சரித்திரம் எனக்கு அரைகுறை. டெட்ரொயிட் தலைகீழ்ப் பாடம்.

சவரி மாமாதான் சாரதி. எங்கள் அல்பெர்கேரியாப் பகுதி ஒழுங்கைக்குள் கார் போகுமா என்று முதலே அளந்தும் பார்த்தார். அளந்தது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். சந்தை இல்லாத நேரம்!

சனிக்கிழமை காலை பல்லாரோ சந்தைக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் பெட்டிகள். கார் முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை. எஞ்சினும் நின்றுவிட்டது.

"அளந்தனீங்கள்தானே மாமா?"

"அளந்தனான் பிள்ளை. அப்ப மீன் இருக்கேல்லை."

கதவு திறக்கவும் இடமில்லை. வெள்ளைச் சேலைக்குள் அக்கா வேர்த்துக் கொட்டினாள். பக்கத்து ஊர் பகேரியாவிலிருந்து ரயிலில் வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதா கோயில் வாசலில் காத்து நின்றார்கள்.

"ஜன்னலாலை இறங்கு பிள்ளை, நடந்தா அஞ்சு நிமிசம்" என்றார் அம்மா.

"மாட்டன். அப்பா சொன்னவர்."

பல்லாரோவில் நமக்குத் தள்ளுபடி கேட்டுத்தான் பழக்கம். அன்று நான் தலையை வெளியே நீட்டித் தள்ளும்படி கேட்டேன். "உள்ளே மணப்பெண்ணா? முதலே சொல்லக்கூடாதா!" என்று மீன்காரர் பெட்டிகளை இழுத்தார். தன் கடை தாண்டும்வரை தள்ளிவிட்டு நின்றுகொண்டார். அடுத்த கடையைத் தோடம்பழக்காரர் பார்த்துக்கொண்டார். அதற்கடுத்ததை ஒலிவ்காரர்.

ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்க, கார் ஒவ்வொருவரிடமாக வரும், ஆளுக்கொன்றைப் பூட்டுவார்கள் என்று டெட்ரொயிட்டைப் பற்றிச் சொல்வீர்களே, அப்பா, அதை நான் கண்ணால் கண்டேன். இங்கேயும் ஆளுக்கொன்று ஜன்னலால் வந்தது: தோடம்பழம், பாதாம், ஒரு பிடி மல்லிகை. மீன்காரர் ஓடிவந்து ஒரு மீனை நீட்டினார். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

கோயில் வாசலில்தான் உண்மையான சிக்கல். கதவை யார் திறப்பது? மாமா கைப்பிடியைப் பிடித்தார். முதலே வந்து காத்திருந்த சிஞ்ஞோரா அவர் கையைத் தட்டிவிட்டார். பின்னாலேயே வந்த மீன்காரரும் தனக்கு உரிமை உண்டு என்றார். அக்கா உள்ளே தலை குனிந்து இருந்தாள். எனக்கே பகிடி வரவில்லை, நினைத்துப் பாருங்கள்.

அம்மா மறுபக்கத்தால் இறங்கிச் சுற்றி வந்தார். "தள்ளுங்கோ எல்லாரும். அவரின்ரை வேலை, நான் செய்யிறன்." உங்களை ஞாயிற்றுக்கிழமைகளிலும் பறித்துக்கொண்ட அந்தக் காரை ஒருநாளும் தொடாத அம்மா, கதவைத் திறந்து கையை நீட்டினார்.

அக்கா எழுந்தாள். மடியில் இருந்த தோடம்பழங்கள் எல்லாம் வாசலில் உருண்டன. சுவாமியார் பழங்களைத் துரத்திக்கொண்டு ஓடினார். கலியாண வீடியோவில் ஒழுங்காக விழுந்திருப்பது அது மட்டும்தான். அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எத்தனை நாளைக்குப் பிறகு! உங்களுக்குக் கேட்டதா?

ஒரு சத்தியம், அப்பா. என் கலியாணத்துக்கு அந்தக் காரை நானே ஓட்டுவேன். கதவையும் நானே திறப்பேன். மாப்பிள்ளை பின் சீற்றில் இருக்கட்டும். பயந்தால், அம்மா அவன் கையைப் பிடித்துக்கொள்வார்.

சொல்வழி கேளாத உங்கள் சின்ன மகள்,
மரியா