நான்கு வழிச் சாலையில் ஒரு மஞ்சள் பஸ்

டார்வில், ஒஹாயோ
1994 அக்டோபர் 19

அன்புள்ள இர்மாவுக்கு,

உன் அக்கா வெர்னா எழுதுகிறேன். நான் நலமில்லை. நீ நலமா என்று விசாரிக்கிற நிலையிலும் இல்லை. மூன்று நாளாகப் போன் செய்கிறேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. உன் மகள் பவுலா தேனிலவுக்குப் போயிருக்கிறாள், சரி. அவளோடு நீயும் உன் புருஷனுமா போனீர்கள்?

என் கையில் உங்கள் ஊர்க் கோர்ட்டிலிருந்து வந்த காகிதம் இருக்கிறது. பவுலா கல்யாணத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று ஐம்பதுக்கு, கிரேஸ்டன் பெரிய சாலையில் தன் சிவப்பு விளக்குகளை எரியவிட்டுப் பிள்ளைகளை இறக்க நின்றிருந்த பள்ளி பஸ்ஸை நான் நிற்காமல் கடந்து போனேனாம். நான்! இருபத்து மூன்று வருஷமாகப் பதினான்காம் நம்பர் பள்ளி பஸ்ஸை ஓட்டுகிறவள்! படித்ததும் அடுப்பிலிருந்த பாலை மறந்துவிட்டேன். பொங்கி வழிந்து வீடெல்லாம் தீய்ந்த நாற்றம்.

கடந்தது உண்மைதான். எதிர்ப்பக்கம் ஒரு பஸ் நின்றது. ஆனால் அது நான்கு வழிச் சாலை இர்மா. எங்கள் ஒஹாயோவில் நான்கு வழி என்றால் பஸ்ஸுக்குப் பின்னால் வருகிற வண்டிதான் நிற்க வேண்டும், எதிரே வருகிற வண்டி நிற்க வேண்டியதில்லை. ஏன் தெரியுமா? நான்கு வழிச் சாலையில் எந்தப் பிள்ளையையும் குறுக்கே நடக்க விடமாட்டோம். வீடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே ஏற்றுவோம், அந்தப் பக்கமே இறக்குவோம். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூட நான் நான்கு வழியைக் கடக்க விட்டதில்லை.

உங்கள் போலீசுக்குப் போன் செய்தேன். எடுத்த பையன் என்ன சொன்னான் தெரியுமா? "இங்க நடுவுல சுவர் இல்லன்னா எத்தனை வழியா இருந்தாலும் ரெண்டு பக்கமும் நிக்கணும்மா. ஒஹாயோ வண்டிங்க எல்லாம் இதுலதான் மாட்டுது" என்று சிரிக்கிறான். என் வீட்டிலிருந்து மாநில எல்லை பதினோரு மைல். அங்கே ஒரு பெரிய பலகை, நல்வரவு என்று பூப் படம் போட்டு. அந்தப் பூவுக்குக் கீழே இதை ஒரு வரி எழுதினால் இவர்கள் கை முறிந்துவிடுமா?

அபராதம் கட்டித் தொலைக்கலாம். உங்கள் மாநிலத்தில் அறுபது நாள் ஓட்டக்கூடாது என்பார்கள், அதுவும் போகட்டும். ஆனால் எங்கள் பள்ளி நிர்வாகத்தின் விதி வேறு. பள்ளி பஸ்ஸைக் கடந்ததாக ஒரு பஸ் டிரைவர் மேல் குற்றம் உறுதியானால் அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட வேண்டும். என் பஸ் போய்விடும் இர்மா. அந்த நாற்பத்தோரு பிள்ளைகள் போய்விடுவார்கள். விசாரணை நவம்பர் பதினாறு.

இன்னொன்று கேள். நான் தாண்டும்போது அந்த டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தான். மஞ்சள் பஸ்ஸும் மஞ்சள் பஸ்ஸும் எதிரே சந்தித்தால் நாங்கள் கை காட்டிக்கொள்வது வழக்கம். நான் காரில் இருக்கிறேன் என்பதையே மறந்துவிட்டேன். நம்ம ஆள் கூப்பிடுகிறான் என்று சிரித்துக்கொண்டே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனேன். அதைப் பார்த்த பிறகும் என் வண்டி நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறான் படுபாவி.

உன் புருஷன் எமிலிடம் சொல். செப்டம்பரிலிருந்து அவனும் உங்கள் ஊர்ப் பள்ளி பஸ் டிப்போவில்தானே ஓட்டுகிறான். எந்தப் புண்ணியவான் என்று விசாரிக்கட்டும். புகார் கொடுத்தவன் கோர்ட்டில் வந்து "விளக்கு எரிந்ததா என்று நிச்சயமாகத் தெரியவில்லை" என்று சொன்னால் வழக்கு நிற்காதாம். உடனே பதில் போடு.

கொதித்துக்கொண்டிருக்கும் உன் அக்கா,
வெர்னா

---

கிரேஸ்டன், பென்சில்வேனியா
1994 அக்டோபர் 24

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. போன் பழுது, இப்போதுதான் சரி செய்தார்கள்.

கல்யாணத்தில் நீ சுட்டுக்கொண்டு வந்து அடுக்கிய குக்கி மேசையைப் பற்றித்தான் இன்னும் ஊரே பேசுகிறது. மாப்பிள்ளை வீட்டார் பைகளை விரித்துக்கொண்டு அள்ளியதைப் பார்த்தாய் அல்லவா? அப்ரிகாட் வைத்து மடித்த கொலாச்சி ஒன்றுகூட மிஞ்சவில்லை. உன் தகர டப்பாக்கள் ஆறும் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். பவுலா கடற்கரையிலிருந்து அட்டை போட்டிருக்கிறாள். அங்கே ஒரே மழையாம்.

எமிலுக்கு உடம்பு சரியில்லை. சாப்பிடுவதே இல்லை. அதனால் நீ கேட்டதை அவனிடம் விவரமாகப் பேச முடியவில்லை. அக்கா, நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. அபராதத்தைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடேன். உனக்கும் ஐம்பத்தெட்டு ஆகிறது. குளிர்காலத்தில் விடியுமுன் எழுந்து பனியைச் சுரண்டியது போதாதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
இர்மா

---

டார்வில், ஒஹாயோ
1994 அக்டோபர் 27

இர்மா,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று இரண்டாவது காகிதம் வந்தது. அதில் புகார் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. எமில் மர்ஹெஃப்கா. அந்தப் பெயரில் உங்கள் ஊரில் எத்தனை பேர் பஸ் ஓட்டுகிறார்கள் சொல்லடி!

போன் பழுதாம்! உடம்பு சரியில்லையாம்! டப்பா கழுவி வைத்திருக்கிறாளாம்! எழுதும்போது உனக்குக் கூசவில்லையா? எனக்குப் பனி சுரண்டக் கஷ்டம் என்று உன்னிடம் யார் அழுதது? உன் புருஷன் என் சோற்றில் மண்ணைப் போட்டிருக்கிறான், நீ எனக்கு ஓய்வெடுக்கச் சொல்லி அறிவுரை எழுதுகிறாய்.

உருக்காலை மூடிய பிறகு இரண்டு வருஷம் சோபாவை விட்டு எழுந்திருக்காமல் கிடந்தானே, அவனுக்குப் பஸ் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது யார்? ஜூலை மாதம் முழுக்கச் சனிக்கிழமை தவறாமல் வந்து கண்ணாடியை எப்படித் திருப்புவது, பின் சக்கரம் எங்கே போகும், கத்துகிற பிள்ளையை எப்படி அடக்குவது என்று கற்றுக்கொடுத்தது நான். "அக்கா, நீங்க இல்லன்னா நான் இந்தப் பரீட்சையில தேறியிருக்கவே மாட்டேன்"னு என் சமையலறையில் நின்று சொன்னான். இப்போது அந்தக் கையாலேயே என் நம்பரை எழுதியிருக்கிறான்.

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தானே, அப்போதே தெரியுமா அவனுக்கு? உனக்கும் தெரியுமா? மறுநாள் என்னோடு நீ போல்கா ஆடினாயே, தெரிந்துதான் ஆடினாயா?

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பதினாறாம் தேதி அவன் கோர்ட்டில் வந்து, சிவப்பு விளக்கு எரிந்ததா மஞ்சள்தான் எரிந்ததா என்று நினைவில்லை என்று சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம். அவ்வளவுதான் கேட்கிறேன். அதுகூட முடியாது என்றால் எனக்குத் தங்கை என்று ஒருத்தி இல்லை.

வெர்னா

---

கிரேஸ்டன், பென்சில்வேனியா
1994 நவம்பர் 1

அக்கா,

நீ திட்டியதில் பாதி எனக்குத் தகும். வாங்கிக்கொண்டேன். மீதிப் பாதிக்குப் பதில் சொல்கிறேன், நீயும் வாங்கிக்கொள்.

எமில்தான் எழுதிக் கொடுத்தான். உன் வண்டி என்று அவனுக்குத் தெரியாது. நீ பச்சை வண்டியை விற்றுவிட்டு நீலம் வாங்கியதை நாங்கள் யாரும் பார்த்திருக்கவில்லை. சாயங்கால வெயில் உன் கண்ணாடியில் பட்டு, முகமும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் சிரிக்கிற பல்லும் தூக்கிய இரண்டு விரலும்தான். டிப்போவுக்குப் போனதும் போலீசைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்தால் வாசலில் அதே நீல வண்டி நிற்கிறது. நீ பின் கதவைத் திறந்து டப்பாக்களை இறக்கிக்கொண்டிருந்தாய்.

சமையலறைக்கு வந்து என் கையைப் பிடித்தான். "இர்மா, அந்த வண்டி அக்காவோடது" என்றான். நான்தான் "கல்யாணம் முடியட்டும், வாயைத் திறக்காதே" என்றேன். அந்தப் பாவம் என்னுடையது, அவனுடையது இல்லை. கல்யாணம் முடிந்து திங்கட்கிழமை, போலீசிடம் போய்ப் புகாரைத் திரும்பப் பெறச் சொல்லி அவனிடம் கெஞ்சினேன். போகவில்லை. நானும் அவனும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. போன் அடித்தால் எடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

நீ சொல்லிக்கொடுத்ததைப் பட்டியல் போட்டாயே, ஒன்றை விட்டுவிட்டாய். "ஒரு பென்சிலை நூல்ல கட்டி ஸ்டியரிங் பக்கத்துல தொங்க விடுடா. எவனாவது சிவப்பைத் தாண்டினா நம்பரை எழுது. பாதிரியாரா இருந்தாலும் எழுது, மேயரா இருந்தாலும் எழுது. ஒருத்தனை விட்டா அவன் அடுத்த வாரம் ஒரு பிள்ளையை அடிப்பான்." நீ சொன்னதுதானே? அந்தப் பென்சில் இன்னும் அங்கே தொங்குகிறது.

இதையும் நான் சொல்லாமலே விட்டிருப்பேன். நீ பொய் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். எங்கள் மாநிலத்தில் எல்லா வண்டியும் நிற்க வேண்டும் என்பதால், இங்கே பிள்ளைகள் நான்கு வழியையும் நடந்துதான் கடக்கிறார்கள். அன்றைக்கு அந்த நிறுத்தத்தில் இறங்கியது ஒரே ஒரு பிள்ளை. பஸ்ஸுக்கு முன்னால் வந்து இரண்டு வழியைத் தாண்டிவிட்டது. எமில் ஹாரன் அடித்தது உன்னைக் கூப்பிட இல்லை, அந்தப் பிள்ளையை நிறுத்த. ஹாரன் கேட்டு அது நடுக்கோட்டில் அப்படியே நின்றது. நீ போன காற்றில் அதன் தொப்பி பறந்து போயிற்று. எதிர்வெயில் உன் கண்ணில் அடித்ததால் அந்தச் சின்ன உருவம் உனக்குத் தெரிந்திருக்காது என்று எமில் சொல்கிறான். நீ கை காட்டிச் சிரித்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. "பிள்ளையைக் கொல்லப் பாத்துட்டுச் சிரிச்சுக்கிட்டே போறானே"ன்னு அவன் நினைத்தான்.

அது நம் டெஸ்ஸி, அக்கா. என் மூத்தவனின் மகள்.

எமில் கோர்ட்டுக்கு வருவான். நீ சொல்லச் சொன்ன வாக்கியத்தைச் சொல்வான். நான் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஆனால் எதை மறந்துவிட்டதாக அவன் சொல்லப்போகிறான் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இர்மா

---

டார்வில், ஒஹாயோ
1994 நவம்பர் 20

இர்மா,

உன் கடிதத்தைப் படித்த அன்று பஸ் ஓட்டப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். இருபத்து மூன்று வருஷத்தில் நான் சொன்ன முதல் பொய்.

கோர்ட்டில் நடந்ததை எமில் உனக்குச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. கல்யாணத்துக்குப் போட்ட அதே கோட்டு. வியர்த்து விட்டது அவனுக்கு. நீதிபதி, "விளக்கு சிவப்பா எரிஞ்சுதா?" என்று கேட்டார். இவன் தொப்பியைத் திருகிக்கொண்டு, "வந்து... நெனவு சரியா..." என்று இழுத்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து நின்றுவிட்டேன். "டேய் எமில், வாயை மூடு! எரிஞ்சுது ஐயா. சிவப்பு. நாலு விளக்கும் எரிஞ்சுது. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன்" என்றேன். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. எல்லைப் பலகையில் பூப் போடத் தெரிகிறது, இதை எழுதத் தெரியவில்லையா என்று அவரையும் நாலு வார்த்தை கேட்டேன். எழுதுவது தன் வேலை இல்லை என்றார். யாருடைய வேலை என்று கேட்டேன். அவர் தீர்ப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் எமில் அழுதான். "அக்கா, நான் சொல்லியிருப்பேன். நெசமா சொல்லியிருப்பேன்" என்கிறான். "அதுக்குத்தாண்டா உன்னைத் திட்டறேன்" என்றேன். அவனுக்கு ஒரு விஷயம் மட்டும் புரிய வேண்டும். அன்றைக்கு நான் கை காட்டியது கேலி இல்லை. எதிரே நின்றது ஒரு மஞ்சள் பஸ், அதற்காகக் காட்டினேன். நான்கு தடவை சொன்னேன். நீயும் சொல்.

அன்றைக்குச் சாயங்காலமே சாவியைக் கொடுத்துவிட்டேன். இப்போது பதினான்காம் நம்பரை ஒரு இளம் பெண் ஓட்டுகிறாள். காலை ஆறு நாற்பதுக்கு என் ஜன்னலைத் தாண்டிப் போகிறாள். முனையில் ரொம்ப அகலமாகத் திருப்புகிறாள், ஒரு நாள் அந்தத் தபால் பெட்டியைச் சாய்க்கத்தான் போகிறாள். பிள்ளைகள் ஜன்னலில் கை ஆட்டுகிறார்கள். பதிலுக்குக் கை தூக்க எனக்கு இன்னும் வரவில்லை.

சட்டத்தின் மேலும் கோபம், என் மேலும் கோபம். ஆனால் எல்லாவற்றையும்விட உன் மேல்தான் கோபம், அது குறையவில்லை. கல்யாணத்தன்று டெஸ்ஸி என் மடியில் உட்கார்ந்து ஒன்பது கொலாச்சி தின்றாள். கடைசியில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனாள். அவள் தலையைத் தடவிக்கொண்டு, எப்போதும் போடுவாயே, தொப்பி எங்கேடி கண்ணு என்று நான் கேட்டேன். நீ பக்கத்தில் நின்றாய். நீ "தொலைஞ்சு போச்சு" என்றாய். அதை எப்போது மன்னிப்பேன் என்று எனக்குத் தெரியாது.

அறுபது நாள் நான் அந்தப் பக்கம் வண்டி ஓட்டக்கூடாது. கிறிஸ்துமஸ் அதற்குள் வந்துவிடுகிறது. அதனால் நீங்கள் வாருங்கள். எமில் ஓட்டட்டும். டெஸ்ஸியைக் கூட்டிக்கொண்டு வா. அவளுக்குச் சிவப்புக் கம்பளியில் தொப்பி பின்னிக்கொண்டிருக்கிறேன், அளவு பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பக்கம் நான்கு வழிச் சாலை வரும். எதிரே பஸ் நின்றால் இங்கே நிற்க வேண்டாம் என்பது சட்டம். எமிலை நிற்கச் சொல். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், கெட்ட வார்த்தையில் திட்டுவான். திட்டட்டும்.

நான் கோபமாகத்தான் இருப்பேன். அதற்குப் பயந்து வராமல் இருந்துவிடாதே.

அக்கா,
வெர்னா

பி.கு. டப்பாக்களைக் கொண்டு வா. ஆறும் வேண்டும்.