நேரான இறக்கையை நிமிர்த்திய கதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா முழுச் சுகம், நான் முக்கால் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தி சின்னவளும் எந்தக் குறைவும் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். முக்கால் என்று படித்ததுமே நீ போனைக் கையில் எடுத்திருப்பாய், தயவுசெய்து அதைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை படி. போனில் நீ கேட்டால் நான் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன், இது எனக்கும் தெரியும், உன் அம்மாவுக்கு அதைவிட நன்றாகத் தெரியும், அதனால்தான் மேஜையில் தாளையும் பேனாவையும் வைத்துவிட்டு, எழுதி முடிக்கும்வரை தரமாட்டேன் என்று என் பசை டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விஷயம் இதுதான். என் வலது கண்ணில் நடுப்பார்வை போய்விடும் நிலைக்கு வந்திருந்தது. இப்போது வைத்தியம் நடக்கிறது, இருப்பதைக் காப்பாற்றிவிடலாம் என்று கண் டாக்டர் சொல்கிறார். கோளாறை முதலில் கண்டுபிடித்தது டாக்டரும் அல்ல, நானும் அல்ல, நான் கட்டிய பால்சா பொம்மை விமானம். அதுவும் தலைகுப்புற விழுந்து கண்டுபிடித்தது.

ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பிடித்த இந்த விமானப் பைத்தியத்தைப் பற்றி நீ கேலி செய்திருக்கிறாயே தவிர, நான் என்ன செய்கிறேன் என்று உட்கார்ந்து பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பால்சா என்பது காகிதத்துக்கும் மரத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிற ஒரு மரம். அதை மெல்லிய குச்சிகளாக வெட்டி, எலும்புக்கூடு மாதிரி ஒட்டி, மேலே பட்டுக் காகிதம் போர்த்த வேண்டும். வயிற்றுக்குள் மூக்கிலிருந்து வால்வரை ரப்பர் பட்டை ஓடும், அதை முறுக்கிவிட்டால் அவிழும்வரை மூக்கில் இருக்கும் விசிறி சுழலும், விமானம் ஏறும். ரப்பர் தீர்ந்ததும் வட்டமடித்துக்கொண்டு மெதுவாக இறங்க வேண்டும் என்பது விதி. என்னுடையவை இறங்குவதில்லை, விழும், பிறகு நான் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒட்டுவேன். இப்படியே என் வாழ்க்கை போகிறது. கூட்டாளிகள் இரண்டு பேர், ஒருவர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், அவரை எஞ்சின் என்று கூப்பிடுவோம், இன்னொருவர் பல் டாக்டர். ஞாயிறு காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் கூடுவோம். குடிநீர் அலுவலகத்தில் காலமெல்லாம் குழாய்களுக்குக் கோடு போட்டவன் என்பதால் எனக்கு ஸ்கேல் என்று பெயர். ஸ்கேல் கட்டினால் அதில் ஒரு கணக்கு இருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் பேசாமல் இருந்தேன், பேசாமல் இருப்பதுதானே எனக்கு இருக்கிற ஒரே திறமை.

காகிதம் ஒட்டி, தண்ணீர் தெளித்து, அது காய்ந்து இறுகும்போது இறக்கை லேசாக முறுக்கிக்கொள்வது உண்டு. அதைக் கண்டுபிடிக்க விமானத்தின் வாலை முகத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்னாலிருந்து பார்க்க வேண்டும். முறுக்கு தெரிந்தால் கெட்டில் ஆவியில் காட்டி, எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்பி, ஆறும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும். நான் எப்போதும் இடது கண்ணை மூடி வலது கண்ணால்தான் பார்ப்பேன், அலுவலகத்தில் கோடு சரிபார்த்த பழக்கம். இந்த முறை கட்டிய விமானத்தில் இடது இறக்கை முறுக்கித் தெரிந்தது. ஆவி காட்டித் திருப்பினேன், மறுநாள் பார்த்தால் இன்னும் முறுக்கு. மறுபடி ஆவி, மறுபடி திருப்பல். சமையலறையில் உன் அம்மா டீ போட வந்தால் கெட்டில் என் கையில் இருக்கும். எனக்கு என்மேல் நம்பிக்கை கிடையாது என்பதால் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், ஸ்கேலும் நடுவில் வளைந்திருந்தது. மர ஸ்கேல், ஈரம் குடித்திருக்கும் என்று முடிவு செய்து இரும்பு ஸ்கேல் வாங்கி வந்தேன். அதுவும் வளைந்திருந்தது. உன் அப்பா குரல் உயர்த்தி நீ கேட்டதில்லை, அன்றைக்கு அந்த ஸ்டேஷனரி கடையில் இருந்திருந்தால் கேட்டிருப்பாய். கடைக்காரர் பாவம், ஸ்கேலைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து நான்கு பக்கமும் அழுத்திக் காட்டினார், ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. நான் குனிந்து, வழக்கம்போல இடது கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, இப்பொழுதெல்லாம் மேஜைக் கண்ணாடியும் நேராக வருவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். உலகத்தில் எல்லாமே வளைந்திருக்கிறது, நான் மட்டும் நேர் என்ற முடிவுக்கு வர, தன்மேல் சந்தேகம் உள்ளவனுக்குக்கூட எவ்வளவு எளிதாக இருக்கிறது பார். டாக்டரிடம் கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள் என்று உன் அம்மா அப்போதே சொன்னாள். பேப்பர் நன்றாகப் படிக்கிறேனே என்றேன். படித்தது இரண்டு கண்ணாலும், நல்ல கண் கெட்ட கண்ணுக்கும் சேர்த்து உழைத்துக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த விமானம் பிரமாதமாக ஏறியது. ரப்பரின் முறுக்கு விமானத்தை இடது பக்கம் சாய்க்கப் பார்க்கும், நான் கெடுத்து வைத்திருந்த இறக்கை அதை வலது பக்கம் இழுத்துப் பிடித்துவிட்டது, அதனால் ரப்பரில் வலு இருக்கும்வரை படி ஏறுகிற மாதிரி போயிற்று. பல் டாக்டர் கைதட்டி, இறக்கை அமைப்பில் என்னமோ நுட்பம் பண்ணியிருக்கீங்க சார் என்றார். நான் பணிவாகத் தலையை ஆட்டினேன். ரப்பர் தீர்ந்ததும் வலது பக்கம் சரிந்து, சுழன்று, மூக்கால் தரையைக் குத்தியது. இறக்கை இன்னும் சரியாக நிமிரவில்லை என்று நினைத்து வீட்டுக்கு வந்து இன்னும் நிமிர்த்தினேன், அதாவது இன்னும் முறுக்கினேன். இதற்குள் அந்த இரண்டு பேரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் இறக்கையைப் பார்த்துப் பார்த்துத் தங்கள் விமானங்களையும் அதே மாதிரி முறுக்கிவிட்டார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, பல் டாக்டருடைய விமானம் முதலில் விழுந்து போய்ச் சேர்ந்தது. அடுத்து எஞ்சினுடைய மஞ்சள் விமானம், மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து கட்டியது, அருமையாக ஏறி, அருமையாகச் சுழன்று, மைதானத்துச் சுவரில் போய் அறைந்தது. மனிதர் விமானத்தின் மூக்கை ஒரு கையிலும் வாலை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "ஸ்கேலு, உன்னத்தான்யா கேக்குறேன். இடது றெக்கைய எதுக்கு அப்படி முறுக்கி வைக்கிற? உன்னப் பாத்துத்தான நாங்களும் முறுக்கினோம்" என்றார். நான் முறுக்கவில்லை, நிமிர்த்தித்தான் வைத்திருக்கிறேன் என்றேன். பல் டாக்டர் நான் நகைச்சுவை செய்கிறேன் என்று சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உன் அம்மா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவே இல்லை. "றெக்கை நேரா இருக்கான்னு தினம் பாக்குறீங்க, பாக்குற கண்ணு நேரா இருக்கான்னு ஒரு நாள் பாத்தீங்களா? வலது கண்ண மூடிட்டு இடது கண்ணால பாருங்க" என்றாள்.

பார்த்தேன். இடது கண்ணுக்கு என் விமானத்தின் இறக்கை பிழிந்து போட்ட துணி மாதிரி இருந்தது. வலது கண்ணுக்குக் கோடு போட்ட மாதிரி நேர். கண்ணை மாற்றி மாற்றி மூடினேன், ஒரே விமானம் இரண்டாக ஆகிக்கொண்டிருந்தது. தூரத்தில் கால்பந்து கோல் கம்பத்தை வலது கண்ணால் மட்டும் பார்த்தேன், அது நடுவில் தொப்பை வைத்துக்கொண்டு நின்றது. கண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டது என்ற பயம் எனக்கு முதலில் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்த ஏற்றத்துக்குக் கிடைத்த கைதட்டல் எல்லாம் கண் கோளாறுக்குக் கிடைத்த கைதட்டல் என்பதுதான் முதலில் உறைத்தது. பயம் பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது. எஞ்சின் கையிலிருந்த துண்டுகளைத் தரையில் வைத்துவிட்டு, விமானம் கிடக்குது விடு, நாளைக்கே டாக்டரப் பாரு என்றார். அவர் கோபமாகவே இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

கண் டாக்டர் சின்ன வயதுப் பெண், உன்னைவிட இளையவள். சதுரக் கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, நடுப்புள்ளியை ஒவ்வொரு கண்ணாலும் பார்க்கச் சொன்னாள். வலது கண்ணுக்குக் கட்டங்கள் புள்ளியைச் சுற்றி உள்வாங்கிக் குழிந்து போயிருந்தன. அச்சு சரியில்லை, வேறு தாள் இருக்கிறதா என்று கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன் மகளே, கெஞ்சுவதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் சிரிக்காமல் இன்னொரு தாள் எடுத்துக் கொடுத்தாள், அதுவும் குழிந்திருந்தது. விழித்திரையின் நடுவில் நீர் கசிந்து மேடு தட்டியிருக்கிறதாம், அந்த மேட்டின்மேல் விழும் கோடெல்லாம் வளையுமாம். "இப்பவே ஊசி போட்டா இருக்குற பார்வையக் காப்பாத்தலாம், விட்டா நடுவுல ஒண்ணும் தெரியாமப் போயிடும், ஓரம்தான் தெரியும்" என்றாள். ஊசி எங்கே என்று கேட்டேன். கண்ணுக்குள்ளே என்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை, எல்லாவற்றையும் உன் அம்மாதான் கேட்டுக்கொண்டாள்.

ஊசி போடும் நாளில் நான் செய்ததை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன், உன் அம்மா எப்படியும் சொல்லிவிடுவாள். காத்திருக்கும் இடத்தில் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவன், பக்கத்துக் கதவு வழியாக வெளியே போய், பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, ஒரு குச்சியை எடுத்து உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். அங்கே என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், உன் அம்மா கை கழுவும் இடம் எல்லாம் தேடியிருக்கிறாள். வீட்டுக்கு வந்தவள் திட்டவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒரு கண்ணை மூடி என்னைப் பார்த்தாள், பிறகு மற்றக் கண்ணை மூடிப் பார்த்தாள். "எந்தக் கண்ணால பாத்தாலும் ஒரே கோழைதான் தெரியுது" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள், கண் சிவந்திருந்தது. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. நடு தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் முறைப்படி யோசித்தேன். மற்றக் கண்ணுக்கும் இது வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாளாம். அப்படி வந்தால் பறக்கிற விமானத்தை நான் பார்க்கப் பார்க்க அது மறையும், சுற்றியுள்ள ஆகாயம் மட்டும் இருக்கும். போனில் சின்னவள் முகத்தைக் காட்டினால் எனக்கு அவள் இரண்டு காதுகள்தான் தெரியும்.

அடுத்த முறை எஞ்சின் காவலுக்கு வந்தார், பக்கத்துக் கதவுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே படுக்கவைத்து, கண்ணில் சொட்டு சொட்டாக மருந்து விட்டு மரத்துப்போகச் செய்து, முகத்தைத் துணியால் மூடிவிட்டார்கள். ரப்பர் முறுக்கும் கம்பி நீளத்துக்கு ஒரு ஊசியை மனதில் கற்பனை செய்துகொண்டு பல்லைக் கடித்துக் கிடந்தேன். லேசாக ஓர் அழுத்தம். கொஞ்ச நேரம் பொறுத்து, எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டேன். முடிஞ்சுது, எழுந்திருங்க என்றாள் டாக்டர். வெளியே வந்தபோது கண்ணுக்குள் ஒரு கறுப்பு வட்டம் மிதந்துகொண்டிருந்தது, நர்ஸ் அது மருந்தோடு போன காற்றுக்குமிழி, நாளைக்குப் போய்விடும் என்றாள். உன் அம்மா, பறக்குதேன்னு அதுக்கும் ரப்பர் முறுக்கிடாதீங்க என்றாள். எஞ்சின் அவளிடம், வண்டி தடம் மாறாமக் கொண்டுவந்து சேத்துட்டேம்மா என்றார். இனி கொஞ்ச காலத்துக்கு மாதம் ஒரு ஊசி. வளைவு முழுவதும் போகுமா என்று டாக்டரிடம் கேட்டேன், சொல்ல முடியாது, இன்னும் கூடாமல் இருந்தால் அதுவே நல்லது என்றாள்.

மற்றபடி இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். உன் அறையில்தான் பட்டறை, உன் கட்டிலில் இப்போது எஞ்சினுடைய மஞ்சள் விமானம் படுத்திருக்கிறது, மூக்கை நான்தான் புதிதாகக் கட்டிக்கொடுக்கிறேன், நியாயம்தானே. என் இறக்கையை ஆவி காட்டி மறுபடி திருப்பினேன், நான் பிடித்துக்கொள்ள, உன் அம்மா பின்னால் நின்று போதும், இன்னும் கொஞ்சம், ஐயோ அவ்வளவு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது இப்போது முன்போல ஏறுவதில்லை, சுமாராக ஏறி, அகலமாக வட்டமடித்து, புல்லில் வந்து உட்காருகிறது. யாரும் கைதட்டவில்லை, எனக்குத் திருப்தி. நீ அனுப்பிய ரப்பர் நன்றாக இருக்கிறது, ஆனால் இனி அனுப்பாதே, மாப்பிள்ளை அதற்காகக் கடை கடையாக அலைய வேண்டாம். அவரும் நீயும் நாளைக் காலையிலேயே ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றதை மூடி, சுவரில் ஓடு பதித்த கோடுகளைப் பாருங்கள். கண்ணாடி நம்பர் பார்த்தால் மட்டும் போதாது, உள்ளேயும் பார்க்கச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று குனிந்தே கிடக்காதே. பெரியவர்களின் ஆசி எல்லாம் உங்கள் மூவருக்கும் எப்போதும் உண்டு, நன்றாக இருங்கள்.

இதுவரை இரண்டு கண்ணாலும் எழுதினேன். இந்தக் கடைசிப் பத்தியை இடது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, ஊசி போட்ட கண்ணால் மட்டும் எழுதுகிறேன். கோடு போடாத தாள். எனக்கு வரிகள் நேராகப் போவதாகத்தான் படுகிறது, ஆனால் எனக்குப் படுவதன் லட்சணம் உனக்கே இப்போது தெரியும். உன் அம்மாவிடம் காட்டினால் என் முகத்தைப் பார்த்து நேராக இருக்கிறது என்று சொல்லிவிடுவாள், ஊசிக்குப் பிறகு அவள் என்னிடம் கொஞ்சம் இளகித்தான் பேசுகிறாள். மைதானத்தில் என் இறக்கையை எல்லாரும் பார்த்தார்கள், எனக்குக் கொடுத்த மரியாதையில் யாருமே வாயைத் திறக்கவில்லை. நீ அந்த மரியாதையைக் கொடுக்காதே. மறக்காமல் உடனே பதில் போடு, வரி கோணலாக இருந்தால் கோணல் என்றே எழுது, அடுத்த முறை அதை டாக்டரிடம் நானே சொல்கிறேன், ஓடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா