பதினொரு பேருக்கு நிரந்தரம்

இன்று காலை பதுளை ஆஸ்பத்திரியில் எனக்கு நெஞ்சு எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டிவைத்து நிற்கச் சொன்னார்கள். "மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க" என்றாள் அங்கிருந்த பெண். இழுத்துப் பிடித்தேன். விடச் சொன்ன பிறகும் விட மறந்து நின்றேன். இதே அறையில், இதே தகட்டின் முன்னால், மூச்சைப் பிடிக்க முடியாமல் நீ திரும்பத் திரும்ப இருமியதும், உள்ளே இருந்தவர்கள் அலுத்துக்கொண்டதும், வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்ததும் அப்படியே வந்து நின்றன.

நீ செத்துப்போய் ஒன்றரை வருடத்துக்கு மேலாகிறது. இவ்வளவு நாளாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அழுகை வந்திருந்தால் எழுதியிருப்பேன். எனக்கு வருவதெல்லாம் கோபம்தான். கோபப்படுவதைத் தப்பென்று நீ நினைத்ததே இல்லை, அதனால் உனக்கு எழுதலாம் என்று தோன்றியது.

ஹாலிஎலைக்கு மேலே இருக்கும் நம் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், காய்ந்த தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில் பன்னிரண்டு பெண்கள் இருந்தோம். எல்லோரும் அதே தோட்டத்து லய வீடுகளில் பிறந்தவர்கள். நம் அம்மாமாரின் பெயர் தோட்டத்துப் பதிவில் இருந்தது. நம் பெயர், கூலிக்கு ஆள் விடும் கொந்தரப்புக்காரரின் கணக்குக் கொப்பியில் இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் வந்து, ஒரு வாரம் வீட்டில் நில்லுங்கள் என்பார். அடுத்த திங்கட்கிழமை நாம் புது ஆட்களாகத் திரும்பி வருவோம். புது அட்டை, புது நம்பர்; தொடர்ந்து ஆறு மாதம் தாண்டினால் நிரந்தரமாக்க வேண்டி வருமே. பன்னிரண்டு வருடம் ஒரே மெசினுக்கு முன்னால் நின்ற உன்னை, இருபதுக்கும் மேற்பட்ட தடவை புதிதாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்படியொரு திங்கட்கிழமைதான் நீ கையைக் கட்டிக்கொண்டு மெசினுக்கு முன்னால் உட்கார்ந்தாய். கொந்தரப்புக்காரர் வந்து ஏன் வேலை தொடங்கவில்லை என்று அதட்டினார். நீ எழுந்திருக்கக்கூட இல்லை.

"நான் இன்னிக்குத்தாங்க வேலைக்கு வந்திருக்கேன். இது எப்படிப் போடுறதுன்னு எனக்குத் தெரியாது. பழக்கிக் குடுங்க."

அவருக்கு அந்த மெசினின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நாங்கள் சிரிப்பை அடக்கச் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருந்தவள் கையைக் கட்டினாள், பிறகு நான், பிறகு எல்லோரும். மத்தியானம் வரைக்கும் அந்த அறையில் தூசி பறக்கவில்லை. அந்த அறையின் சுவர் என்ன நிறம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதோடு நீ விடவில்லை. பழைய அட்டைகளை ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருந்தாய். அவற்றை எடுத்துக்கொண்டு பதுளைக்குத் தொழில் கந்தோருக்குப் போய், அரசாங்க அதிகாரியிடம் முறைப்பாடு கொடுத்தாய். முதல் தடவை உன்னோடு வருவதாகச் சொன்ன நான், வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி நின்றுவிட்டேன். பயம். நீ தனியாகவே பஸ் ஏறினாய். சாயங்காலம் திரும்பி வந்து, காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். பொய் என்று தெரிந்துதான் கேட்டாய். அடுத்த தடவையிலிருந்து நான் ஒருநாளும் பின்தங்கவில்லை. விசாரணை, தவணை, மறுபடி விசாரணை என்று ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் தோட்டம் இறங்கி வந்தது. பன்னிரண்டு பேரையும் பேர் பதிந்து நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறோம், மருத்துவப் பரிசோதனை மட்டும் இருக்கிறது என்றார்கள்.

அந்த 'மட்டும்' என்ற வார்த்தையை அன்று நாம் யாரும் கவனிக்கவில்லை. கேக் வெட்டிச் சாப்பிட்டோம். உனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, தண்ணீர் குடிக்க வைத்து உட்கார வைத்தோம்.

பதுளையில் படம் எடுத்து வந்த பிறகு, தோட்டத்து ஆபீஸ் வாசலில் கிளாக்கர் பெயர்களை வாசித்தார். பதினொரு பெயர். உன் பெயரை அவர் வாசிக்கவில்லை, தாளை மட்டும் நீட்டினார். நெஞ்சில் கோளாறு, வேலைக்கு உடல் தகுதி இல்லை. நீ அதை மெதுவாக, எழுத்துக்கூட்டுவது போல வாசித்தாய்.

"இந்தத் தூசி எங்க இருந்து உள்ள போச்சுன்னு இதில எழுதியிருக்காங்களாங்க?"

கிளாக்கர் கெட்ட மனிதர் இல்லை. உன் முகத்தைப் பார்க்காமல், எங்கள் நிரந்தரத் தாள்களையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார். பன்னிரண்டு வருடம் உன்னை அந்த அறையில் நிறுத்தியபோது ஒருவரும் உன் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்க்கவில்லை. முகத்துக்குக் கட்ட ஒரு துணித்துண்டு தந்ததில்லை. உனக்கு உரிமை என்று ஒன்றைக் கொடுக்க வேண்டிய நாள் வந்ததும், அவர்களுக்கு உன் நெஞ்சின்மேல் அக்கறை வந்துவிட்டது. உன் நெஞ்சைக் கெடுத்தவர்களே, அது கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி உன்னைத் தள்ளிவைத்தார்கள்.

நான் கையெழுத்துப் போடாமல் பேனாவைக் கீழே வைத்தேன். நீ என்னைப் பார்த்து, "போடு புள்ள. நீயும் வெளிய நின்னா உள்ள யாரு இருக்கா?" என்றாய். நான் கையெழுத்துப் போட்டேன். பதினொரு பேரும் போட்டோம்.

உனக்குக் கொந்தரப்பு வேலையும் போயிற்று. நிரந்தரமும் இல்லை, கூலியும் இல்லை. நான் வேலை முடிந்து நேரே உன்னிடம் வருவேன். ஒருநாள் நான் உள்ளே கால் வைத்ததுமே உனக்கு மூச்சு வாங்கியது. என் துணியில் இருந்த தேயிலைத் தூசிதான். அதன் பிறகு பீலித் தண்ணீரில் குளித்து, மாற்றுச்சேலை கட்டிக்கொண்டுதான் உன் வீட்டு வாசலை மிதித்தேன். "கோயிலுக்கு வர்ற மாதிரி வர்றா பாரு" என்று உன் மகளிடம் கேலி செய்தாய். அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தை நீ தாண்டவில்லை.

பேர் பதிந்த ஆள் இறந்தால் தோட்டம் பெட்டி கொடுக்கும், குழி வெட்ட ஆள் கொடுக்கும். உனக்காகக் கேட்கப் போனேன். பதிவில் பெயர் இல்லையே என்றார்கள். நம் வீட்டு ஆம்பிளைகள்தான் மழையில் நின்று வெட்டினார்கள். பாதர் ஜெபம் சொல்லும்போது கீழே ஸ்டோர் மெசின்கள் ஓடிக்கொண்டிருந்த சத்தம் கல்லறை வரைக்கும் கேட்டது.

உன்னை அடக்கம் செய்த அடுத்த மாதம், கொந்தரப்புக்காரர் ஹல்துமுல்லைப் பக்கமிருந்து மூன்று பெண்களைக் கொண்டுவந்து இறக்கினார். பழைய கதைதான். ஆறு மாதம், ஒரு வாரம், புது அட்டை. அது இரண்டு தடவை என் கண்முன்னால் நடந்தது, நான் சும்மா இருந்தேன். நிரந்தரம் என்பது எவ்வளவு சீக்கிரம் ஒரு ஆளை ஊமையாக்குகிறது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்? போன மாதம் என்னை அந்த அறைக்குப் பொறுப்பாக வைத்தார்கள். பொறுப்பேற்ற முதல் கிழமையே கொந்தரப்புக்காரர் என்னிடம் வந்து, அந்த மூவரையும் திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரம் வீட்டில் நிற்கச் சொல்லுமாறு சொன்னார். அவர் வாயால் சொல்லவில்லை. என் வாயால் சொல்லவேண்டுமாம்.

நான் சொல்லவில்லை. வியாழக்கிழமை லீவு போட்டு, மூவரையும் கூட்டிக்கொண்டு பதுளைக்குப் போய்த் தொழில் கந்தோரில் எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. மற்றப் பத்துப் பேருக்கும் இல்லாத மருத்துவப் பரிசோதனை எனக்கு மட்டும் இன்றைக்கு வைத்ததும் அதனால்தான். என்ன தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுப் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். வேறு வழி தேடுவார்கள். தேடட்டும்.

ஆனால் நடுவில் வந்த அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். மூவரும் வழக்கம்போல வேலைக்கு வந்தார்கள். கொந்தரப்புக்காரர் வாசலில் மறித்து, கொப்பியைத் திறந்து, "இன்னிக்கு வந்தா புது ஆளுன்னுதான் எழுதுவேன்" என்றார். எழுதவும் எழுதினார். அவர்களில் ஒருத்தி, அதிகம் பேசாதவள், அவர் கையிலிருந்த பேனாவை எடுத்து அந்தச் சொல்லைக் கோடு போட்டு வெட்டினாள். பிறகு தான் முதன்முதலாக வேலைக்கு வந்த தேதியை அதற்கு மேலே எழுதி, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மற்ற இருவரும் அவள் பின்னால் போனார்கள். அவர்களை யாரும் நிறுத்தவில்லை. அந்தக் கிழமை முழுக்க அவர்கள் வேலை செய்தார்கள்.

கந்தோர் விசாரணை இனித்தான். அது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. காலம் போனால் ஆறிவிடும் என்று பாதரிலிருந்து என் வீட்டுக்காரர் வரைக்கும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். ஆறவில்லை. உன்னைக் குழியில் இறக்கிய அன்றைக்கு இருந்த அதே சூட்டோடுதான் தினமும் காலையில் அந்த அறைக்குள் போகிறேன். அதை இறக்கி வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.